சாவி உன் சட்டைப் பையில் இருந்தது

சதீஷ்,

போனில் பேசினால் நீ கேட்கப் போவதில்லை என்பது இந்த ஐந்து நாளில் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. நான் ஜீப்பைப் பற்றி வாயைத் திறந்ததும் உனக்கு டவர் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் நேராகக் குளிக்கப் போகிறாய். குளித்துவிட்டு வந்தால் யாருக்கோ பத்திரிகை வைக்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிறாய். போதாக்குறைக்கு இன்றிலிருந்து ஷிஃப்ட்டையும் மாற்றி வாங்கியிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பெற்றவள் கண்ணில் படாமல் இருப்பதற்காக ஷிஃப்ட் மாற்றுகிற மாப்பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதனால் ஆபீஸில், போன் மணி அடிக்காத நேரமாகப் பார்த்து, பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போனால், நடுவில் எவனோ ஒருவன் வண்டி நின்றுவிட்டதென்று கூப்பிட்டான் என்று புரிந்துகொள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு எதிரே, பதினெட்டு வருஷமாக, பழுதான வண்டிகளை ஏற்றிவரும் கம்பெனியில் போன் எடுக்கிறேன். ஆரம்பாக்கத்தில் நிற்கிறவன், தச்சூர் கூட்டு ரோட்டில் நிற்கிறவன், இரும்பாலைக்கு வந்த வெளியூர் லாரிக்காரன், எல்லோரும் முதலில் என் குரலைத்தான் கேட்கிறார்கள். நான் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் கேட்பேன். டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது, சிவப்பா மஞ்சளா? வண்டி ஓரமாக நிற்கிறதா? உள்ளே எத்தனை பேர்? ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டியா, நாலும் இழுக்கிறதா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உன் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தால் அவர் நெற்றியில் கை வைத்து "செவப்பா, மஞ்சளா?" என்று கேட்பாய். தெருவே சிரிக்கும். அப்படி வளர்ந்தவன், பொன்னேரியில் நமக்குத் தெரிந்த அத்தனை பேரும் வண்டி நின்றால் என்னைக் கூப்பிடும்போது, தன் வண்டி நின்றால் என்னைக் கூப்பிடவில்லை. ஏனென்று நான் கேட்கமாட்டேன். மஞ்சள் விளக்கைப் பார்க்கச் சொல்லி நாலு மாசமாக உன் உயிரை எடுத்தேன், நின்றுபோச்சு என்று என்னிடமே சொல்ல உனக்கு ரோஷம். வேறென்ன இருக்கப் போகிறது?

அந்தப் பழைய ஜீப்பை ரெட்ஹில்ஸில் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "சென்சார் பிரச்சனம்மா, எல்லா பழைய வண்டிக்கும் இருக்கும்" என்றாய். மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். இது உனக்குத் தெரியாதது இல்லை. உனக்குத் தெரியாதது வேறு. எரிகிற ஒரு விளக்கை நாலு மாசம் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுக்கு, அதன் பக்கத்தில் புதிதாக இன்னொன்று எரிந்தால் தெரியாது. தெரிந்தாலும் உறைக்காது. போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நடந்தது அதுதான்.

நடந்ததை நான் சொல்கிறேன், கேள். நீ சொன்ன கதை இல்லை, நடந்தது. பாதியை ஜீப்பே சொன்னது, மீதியைச் சொன்னவர்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மண்டபத்தைப் பார்த்து வரலாம் என்று ஹேமாவின் அப்பா கூப்பிட, நீ பள்ளிப்பட்டுக்கு ஜீப்பில் போனாய். சம்பந்தி பாவம், வருங்கால மருமகனின் வண்டியில் ஆசையாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நீ நேராக மண்டபத்துக்குப் போயிருக்கலாம். மழை பெய்து சேறாகிக் கிடந்த ஏரிக்கரை மேல் ஏற்றி, அந்தச் சின்ன லீவரை இழுத்து, நாலு சக்கரமும் எப்படி இழுக்கிறது பாருங்கள் மாமா என்று காட்டினாய். அவரும் ரசித்தார். சரி, அந்த வயசு. ஆனால் தார் ரோட்டுக்கு இறங்கியதும் லீவரைத் திரும்பத் தள்ள வேண்டாமா? சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொடுக்கும். காய்ந்த ரோட்டில் கொடுக்காது. வளைவு வந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும்.

அப்புறம் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது. அதென்ன செவப்பா என்று கேட்டதாகச் சம்பந்தியே ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். பேட்டரிதான் மாமா, ஊருக்குப் போய் மாத்திக்கலாம் என்றாயாம். பேட்டரி படம் எரிந்தால் பேட்டரி மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? உன் வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதையும், இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்ததால்தான் விளக்கு எரிந்தது. தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டது என்று அது உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சூட்டு விளக்கும் சிவப்பாக எரிந்தது. அதற்கும் நீ நிறுத்தவில்லை. மாமா முன்னால் வண்டி நின்றால் மானம் போய்விடும் என்று மிதித்துக்கொண்டே போனாய். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி இன்ஜின் தானாகச் செத்த பிறகுதான் நின்றாய்.

அந்த வழியாக உழவு முடித்துக்கொண்டு டிராக்டரில் வந்தவர் முனிரத்தினம். சம்பந்தியின் நிலத்தை வருஷக்கணக்காக உழுகிறவர், அதே ஊர்க்காரர். நிறுத்தச் சொல்லி யாரும் கைகாட்டவில்லை, அவரே நிறுத்தினார். டிரெய்லரிலிருந்த கயிற்றை எடுத்துக் கொடுத்தார். நீ அதை எங்கே கட்டினாய்? பம்பரில். பம்பர் வெறும் தகரம் சதீஷ். இழுப்பதற்கென்று சேஸியோடு சேர்ந்த கொக்கி கீழே இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும். புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்று நீ குனியவில்லை. இழுபடுகிற வண்டியில் ஓட்டுகிறவனைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. நீ மாமாவை உள்ளேயே உட்காரச் சொன்னாய், சீட் பெல்ட்டும் போடச் சொல்லவில்லை. நாலு சக்கர லீவர் அப்படியே இழுத்தபடி இருந்தது. உன் வண்டி மாதிரி வண்டியை இழுக்கவே கூடாது. நாலு சக்கரமும் தரையில் படாமல், தட்டையான லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை உருட்டினாலும் உள்ளே பல்சக்கரமெல்லாம் வெந்துபோகும். இதற்காகத்தான் நான் முன்பின் தெரியாதவனிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் கூடப் போகட்டும், இரும்பு. நீ செய்த பெரிய தப்பு சாவி. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கட்டையாகிவிடும், ரெண்டு காலால் மிதிக்க வேண்டியிருக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். இழுக்கும்போது சாவி உள்ளே திருகியபடியே இருக்க வேண்டும். நீ கயிறு கட்ட இறங்கினவன், பழக்கத்தில் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாய். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாய், பூட்டிக்கொண்டது. முன்னால் டிராக்டர் வளைந்து போக, ஜீப் நேராகப் போய்ப் புளியமரத்தில் இடித்தது. சம்பந்திக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பன்னிரண்டு நாளில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய மனிதர், ஒரு கையைத் துணிக்கட்டில் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாய். எப்படி ஆனது என்று கேட்டேன். எல்லார் எதிரிலும் நீ சொன்னாய்: "டிராக்டர்காரன் வளைவுல வேகமா இஸ்துட்டாம்மா." சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். அவர் வளைவில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாராம், ஒன்றையும் கவனிக்கவில்லை. நானும் அப்போது நம்பினேன். அந்த முகம் தெரியாத டிராக்டர்காரரை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன்.

மறுநாள் எங்கள் வண்டி போய் ஜீப்பை ஏற்றிவந்தது. ஓட்டிப்போனது டேவிட். உனக்குத் தெரியுமே, நம் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிறவன். யார்டில் இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அறுந்த பெல்ட்டைக் காட்டினான், பம்பரில் கயிறு கட்டிய தடத்தைக் காட்டினான், லீவரைக் காட்டினான். கடைசியில்தான் சொன்னான். "ஸ்டீரிங் லாக்காயி இருந்துச்சிக்கா. சாவி எங்கன்னு கேட்டேன். தம்பி நேத்துப் போட்டுகினு இருந்த சட்டையிலிருந்து எடுத்துக் குடுத்தாப்ல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டான். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரின் பொய்யை வண்டியைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறேன். அன்றைக்குக் கண்டுபிடித்தது என் பிள்ளையின் பொய்யை.

முனிரத்தினத்தின் நம்பர் டேவிட்டிடம் இருந்தது. இடித்த இடத்தில் கயிற்றை எடுத்துப்போக வந்தவரைப் பார்த்து வாங்கி வைத்திருந்தான். நான் கூப்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என்றதும் அவர் முதலில் கேட்டது சம்பந்தியின் தோளைப் பற்றி. அப்புறம்தான் நான் துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. கயிறு கட்டும்போதே, சாவி உள்ளேயே இருக்கட்டும் நைனா, மெதுவாகத்தான் இழுப்பேன் என்று உன்னிடம் சொன்னாராம். நீ, எல்லாம் எனக்குத் தெரியும் என்றாயாம். சம்பந்தி இந்தப் பட்டத்துக்கு உழவுக்கு வேறு டிராக்டரைச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கும் வர வேண்டாமென்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். ஊரில் அவர் குடித்துவிட்டு இழுத்தார் என்று பேச்சு. அந்த மனிதர் பீடிகூடக் குடிக்கமாட்டார் என்று டேவிட் விசாரித்து வந்து சொன்னான். ஏன் நீங்கள் சம்பந்தியிடம் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "கல்யாணம் ஆவட்டும்மா. மாப்ள பேரு இப்ப கெடக்கூடாது. ஹேமா எங்க ஊட்டாண்ட வெளாடுன கொயந்த" என்றார்.

உன் மேல் வந்த கோபத்தில் அன்றிரவு சோற்றைக்கூடத் தொடவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல டிவியைப் பார்த்துக்கொண்டே, பேஜாரு பண்ணாத, கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம் என்றார். ஆக, முனிரத்தினமும் கல்யாணம் முடியட்டும் என்கிறார், உன் அப்பாவும் அதையே சொல்கிறார், நீயும் அதற்காகத்தான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓடுகிறாய். எனக்கு மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்று நீ நினைக்கலாம். அதைத்தான் இனி எழுதப் போகிறேன். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் கம்பெனியில் ஏழுமலை என்று ஒரு டிரைவர் இருந்தார். ஒரு சாயங்காலம் தச்சூர் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார், பெரிய கார் நின்றுவிட்டது என்று. தட்டை லாரி வேறெங்கோ போயிருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டிதான் இருந்தது. உனக்கு ஸ்கூல் விடுகிற நேரம், ரயிலைப் பிடிக்க வேண்டும், இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா என்று கேட்டீங்களா அக்கா என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் "கேட்டேன், சாதாரண வண்டிதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு நொடிதான் ஆகியிருக்கும் அந்தப் பொய்க்கு. அவர் என்னை நம்பி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் இழுத்துவந்தார். யார்டுக்கு வந்து சேரும்போது அடியிலிருந்து புகை.

கார்க்காரர் வந்து கத்தினார். முதலாளி எங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். நான், அங்கே போய்ப் பார்த்து விசாரித்துத் தூக்கச் சொன்னேன் என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னலை மூடிவிட்டு வேலை பார்ப்பேன். ஒரு வாரம் கழித்து அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் ஒவ்வொருவரிடமும் அத்தனை கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அம்மா எவ்வளவு பொறுப்பானவள் என்று நீ ஸ்கூலில் கட்டுரைகூட எழுதினாய். அதைப் படித்த அன்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, முனிரத்தினத்தோடு பேசிய மறுநாள், நான் ஏழுமலையைத் தேடிப் பிடித்தேன். திருவள்ளூரில் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறார். போனில்தான் பேசினேன், நேரில் போகத் தைரியமில்லை. யாரென்று சொன்னதும் நன்றாகத்தான் பேசினார். உன்னைக் கேட்டார், கல்யாணம் என்றேன், சந்தோஷப்பட்டார். அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீ கேக்கலன்னு அந்தக் கார்க்காரரே எங்கிட்ட சொல்ட்டாரு."

பிறகு ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்குத்தான் ஒரு வாரம் அந்தப் பெஞ்சில வந்து ஒக்காந்துகினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார். நான் நேராக முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஏழுமலை யாரென்றே சட்டென்று நினைவு வரவில்லை. நினைவு வந்ததும், அதெல்லாம் எதுக்கும்மா இப்போ என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்ல வேண்டிய வாரத்தில் சொல்லாததற்கு இதுதான் கதி. பிறகு சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. முனிரத்தினத்துக்கு இது ஐந்தாவது நாள். கல்யாணம் முடிந்து, விருந்து முடிந்து, மாமாவின் தோள் கூடிய பிறகு நீ சொல்லலாம். அப்போது அது ஒரு பழைய பேச்சாக இருக்கும், எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த மனிதர் மட்டும் அதற்குள் உழவு வேலையையும் இழந்து, குடிகாரன் என்று பெயரும் வாங்கி, பந்திக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பார். இதை நீ செய்யக்கூடியவன் என்று நான் நினைக்கவில்லை. செய்யமாட்டேன் என்று நினைத்துத்தான் நானும் ஒரு காலத்தில் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். உன் மேல் மட்டும் என்றால் இவ்வளவு வராது.

கல்யாணம் நின்றுவிடுமோ என்று உன் அப்பா பயப்படுகிறார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சம்பந்தி கத்துவார். ஹேமா உன்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் இதை உன் வாயால் கேட்கிறதற்கும் ஊரார் வாயால் கேட்கிறதற்கும் வித்தியாசம் உண்டு. டேவிட்டுக்குத் தெரிந்தது ஒருநாள் பள்ளிப்பட்டுக்கும் தெரியும்.

உன் சூப்பர்வைசருக்கு நானே போன் பண்ணி, நாளைக்கு உனக்கு லீவு சொல்லிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. ஜீப்தான் இல்லையே, காலையில் நாஷ்டா முடித்ததும் பஸ்ஸில் போகலாம். முதலில் முனிரத்தினம் வீட்டுக்குப் போ. அவரைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போ. அவர் வேண்டாம் என்பார், விடாதே. வெளியில் நாலு பேர் இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் காதிலும் விழட்டும். டிராக்டர் வேகமாகப் போகவில்லை, சாவி என் பையில் இருந்தது, அவர் முன்னாலேயே எச்சரித்தார், இந்த மூன்றையும் சொல். பெல்ட் அறுந்தது, விளக்கு எரிந்தது, ஜீப் பழையது என்று அதோடு எதையும் சேர்க்காதே.

நானும் உன்னோடு பஸ்ஸில் வருகிறேன். ஆனால் உனக்காக நான் பேச மாட்டேன், அந்த வீட்டு வாசல் வரைக்கும்கூட வர மாட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. நீ திரும்பி வரும் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

அம்மா